படிக்கட்டில நிக்கிற கூட்டம்: பொலிஸால என்ன செய்யேலும்?

எல்லாருக்கும் வணக்கம்,

எங்கட குழுவில ஒரு அக்கா, தன்ர பிளாட்டுக்குக் கீழ படிக்கட்டில பெடியள் கூட்டமா நிண்டு குடுக்கிற கரைச்சலுக்கு என்ன செய்யலாம் எண்டு கேட்டதுக்கு, "பொலிஸ் ஒண்டும் செய்யாது, வீட்டை மாத்துங்கோ" எண்டு ரெண்டு அண்ணைமார் எழுதினதோட கதை முடிஞ்சு போச்சு. அது முழுக்கச் சரியில்ல. இங்கிலாந்து, வேல்ஸுக்கு இப்பிடியான தொல்லைகளுக்கு எண்டு 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, முந்தி 1998இல கொண்டுவந்த ஆஸ்போவை (தொல்லை குடுக்கிற ஆக்களுக்குக் கோட் போடுற தடை உத்தரவை) தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தது.

கூட்டமா நிண்டு குடிச்சுக் கத்தி, போற வாற ஆக்களை வெருட்டுற பெடியளை யூனிஃபோமில வாற பொலிஸ் அந்த இடத்தை விட்டுப் போகச் சொல்லலாம், 48 மணித்தியாலம் வரைக்கும் திரும்பி வராதை எண்டும் சொல்லலாம், ஆனா அதுக்கு முதல் இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத ஒராள் அந்த ஏரியாவுக்கு எழுத்தில அனுமதி குடுத்திருக்கவேணும். கேக்காட்டி 2,500 பவுண்ஸ் வரை ஃபைன், இல்லாட்டி மூண்டு மாசம் வரை மறியல். 16 வயசுக்குக் கீழ எண்டா வீட்டை கொண்டுபோய் விடவும் ஏலும். அதே பில்டிங்கில குடியிருக்கிற பெடியனை அவன்ர சொந்த வீட்டில இருந்து கலைக்கேலாது, அதையும் விளங்கிக்கொள்ளுங்கோ. என்னைக் கேட்டா இது ரெண்டு நாள் மூச்சுவிட மட்டும் தான் உதவும், அடுத்த தெருவில போய் நிண்டிட்டு மூண்டாம் நாள் வந்திடுவாங்கள்.

ஒரு வீட்டிலயிருந்து தான் பிரச்சினை கிளம்புது எண்டா, உதாரணத்துக்குப் போதைமருந்து விக்கிறது, இரவிரவாச் சனம் வந்து போறது, அங்க தான் பெரிய அதிகாரம் இருக்கு. பொலிஸோ கவுன்சிலோ (உள்ளூராட்சி மன்றமோ) மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிப்போட்டுக் கோட்டுக்குப் போகலாம், கோட் மூண்டு மாசத்துக்கு மூடலாம், நீட்டினா மொத்தம் ஆறு மாசம், அந்த வீட்டில குடியிருக்கிறவையையும் வெளியேத்தலாம். வெறும் பாட்டுச் சத்தம் எண்டா பொலிஸுக்கு போன் அடிச்சுப் பிரயோசனமில்ல, அது கவுன்சில்ட வேலை.

இனித் தான் முக்கியமான விசயம். ஆறு மாசத்துக்குள்ள மூண்டு முறைப்பாடு குடுத்தும் ஒழுங்கா ஒண்டும் நடக்கேல்ல எண்டா, "கேஸ் ரிவியூ" கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, முந்தி கம்யூனிட்டி ட்ரிகர் எண்டு சொன்னவை. கேட்டா பொலிஸ், கவுன்சில், வாடகை வீடுகளை நடத்துற வீட்டுச் சங்கம் எல்லாம் ஒண்டா இருந்து அந்தக் கேஸைத் திரும்பப் பாக்கத் தான் வேணும். சில இடங்களில மூண்டுக்குக் குறைவாயும் காணும். ஒவ்வொரு முறைப்பாடும் சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள குடுத்ததா இருக்கவேணும், அதால "பிறகு பாப்பம்" எண்டு விட்டா அது கணக்கில வராது. இப்பிடி ஒண்டு ஏன் தேவைப்பட்டுது எண்டா, 2007இல லெஸ்டர்ஷயரில ஃபியோனா பில்கிங்டன் எண்ட தாய் பல வருசமாப் பெடியளின்ர தொல்லையைப் பற்றி 33 தரம் அறிவிச்சும், பொலிஸ் ஒவ்வொண்டையும் தனித்தனிச் சம்பவமாப் பாத்து விட்டுட்டுது, கடைசியில அவவும் மகளும் செத்துப்போச்சினம்.

எங்கட ஆக்கள் பக்கத்து வீட்டுக்காரரோட பத்துத் தரம் சொல்லி அழுவினம், அவசரமில்லாத விசயத்துக்கான பொலிஸ் நம்பர் 101க்கு ஒருதரமும் போன் அடிக்கமாட்டினம், "ஏன் வீண் வம்பு" எண்டு. ரெக்கோர்டில ஒண்டும் இல்லாட்டி இன்ஸ்பெக்டர் எதைக் காட்டி அனுமதி எழுதுறது, கோட்டுக்கு எதைக் கொண்டுபோறது? ஒவ்வொரு தரமும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி, திகதி, நேரம், என்ன நடந்தது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. அடிதடி, உயிராபத்து எண்டா 999 தான், அதில யோசிக்காதைங்கோ.

அக்கா, கேஸ் ரிவியூவை உங்கட சம்மதத்தோட வேற ஆரும் உங்களுக்காகக் கேக்கலாம். ரெஃபரன்ஸ் நம்பருகளை எனக்கு அனுப்புங்கோ, நான் ஃபோம் நிரப்பித் தாறன். ஸ்கொட்லாந்தில இருக்கிற ஆக்கள் இதைப் பாத்து வெளிக்கிடாதைங்கோ, உங்களுக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டம், அது வேற.