ஏரிக்கரைக் கூடாரத்துக்குள் ஈரம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காட்டுக்குள் ஒரு சின்ன ஏரி. கரையில் மொத்தமே ஆறேழு கூடாரம் போடத்தான் இடம், போனில் சிக்னலும் கிடையாது. போன முறை நானும் என் எட்டு வயது மகளும் அங்கே இரண்டு இரவு தங்கினோம். இடம் அவ்வளவு பிடித்துவிட்டது, அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம்.

பிரச்சினை ஈரம்தான். மழையே இல்லை, ஆனால் விடியற்காலையில் கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. மகளின் தூக்கப்பை கால்மாட்டில் நனைந்துபோய், நாலு மணிக்கே நடுங்கிக்கொண்டு எழுந்தாள். பாவமாக இருந்தது. அப்புறம்தான் காரணம் புரிந்தது. தண்ணீரை ஒட்டிய பள்ளத்தில் கூடாரம் அடித்திருந்தேன். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் வந்து தேங்கிவிடும். ஏரியின் ஈரப்பதம் வேறு. போதாததற்கு, குளிருக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டேன். எங்கள் மூச்சில் இருந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் துணியில் பட்டு நீராகிவிட்டது.

சரி, இந்த முறை கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, சற்று மேட்டில், மரங்களுக்கு அடியில் போடப் போகிறேன் (தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இல்லாத இடமாகப் பார்த்து). வெளி உறை தனியாக உள்ள இரட்டைத் துணிக் கூடாரம் என்னுடையது.

இரண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்துவைத்தால் குழந்தைக்குக் குளிர் தாங்குமா? தரைக்குளிரைத் தடுக்க நுரைப்பாய் ஒன்று போதுமா, அதன்மேல் காற்று மெத்தையும் வேண்டுமா? குழந்தையோடு ஏரிக்கரையில் தங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.