தமிழ்ப் பாடக்குறிப்புகளை என்விடிஏ படிக்கவில்லை: ஜாஸ் வாங்கினால் சரியாகுமா?

திண்ணைவாசி:
வணக்கம். நான் பார்வையற்ற கல்லூரி மாணவன், வரலாறு முதலாண்டு. பழைய மடிக்கணினி, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான். பள்ளியில் எல்லாமே ஆங்கிலக் கோப்புகள் என்பதால் பிரச்சினை வந்ததில்லை. இப்போது தமிழில் வரும் குறிப்புகளில் மூன்று கோப்புகள் மூன்று விதமாகப் படுத்துகின்றன.

முதலாவது ஒரு பிடிஎஃப், 64 பக்கம். திறந்தால் காலிப் பக்கம் என்கிறது. என்விடிஏ விசையோடு ஆர் அழுத்திப் பார்த்தேன், ஏதேதோ ஆங்கில எழுத்துகளை உளறியது. இரண்டாவதும் பிடிஎஃப்தான். அது பேசுகிறது, ஆனால் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்கிற மாதிரி. மூன்றாவது வேர்டு கோப்பு. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் சொல்லிவிட்டுத் தமிழை அப்படியே விழுங்கிவிடுகிறது.

விடுதியில் ஒரு சீனியர், "இலவச மென்பொருள்னா அப்படித்தான், ஜாஸ் வாங்கு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். ஜாஸ் காசு கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான், அதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். மூன்று வாரத்தில் தேர்வு. வாங்கத்தான் வேண்டுமா?

எழுத்துருக் கிறுக்கன்:
தம்பி, கடன் வாங்கும் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். இரண்டாவது கோப்பில் அந்த "எம், கே, செமிகோலன், கே, எச்" வரும் இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்வையுள்ள நண்பர் யாரிடமாவது கேட்டுச் சொல்ல முடியுமா? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது.

திண்ணைவாசி:
அறைத்தோழனிடம் கேட்டேன். "அம்மா" என்று இருக்கிறதாம்.

எழுத்துருக் கிறுக்கன்:
நினைத்தேன். அது பாமினி என்ற பழைய எழுத்துரு.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துவிட்டார்கள். பாமினியில் எம் என்ற எழுத்துதான் திரையில் "அ" ஆகத் தெரியும். கே என்பது "ம", செமிகோலன் புள்ளி, எச் துணைக்கால். கண்ணால் பார்ப்பவருக்கு அழகான "அம்மா". கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள், திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கிறது. ஜாஸ் வாங்கினாலும் அதே எம்மையும் கேயையும்தான், கொஞ்சம் இனிமையான குரலில், கேட்பீர்கள்.

தீர்வு எளிது. பிடிஎஃப்பில் கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் ஒட்டி, பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். இனி வரும் கோப்புகளுக்கு ஒரு சின்னச் சோதனை: வேர்டு கோப்பாக இருந்தால் தமிழ் வரியில் நின்று என்விடிஏ விசையோடு எஃப் அழுத்துங்கள். எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினி, வானவில் மாதிரி பெயர் காதில் விழுந்தால் மாற்றியாக வேண்டிய கோப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒலிவழி:
மூன்றாவது கோப்புக்கு நான் சொல்கிறேன், ஐந்து நிமிட வேலை. அது ஒழுங்கான யூனிகோடு. உங்கள் என்விடிஏ ஆங்கிலக் குரலில் இருக்கிறது, அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் தாண்டிப் போகிறது. என்விடிஏ, கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி இஸ்பீக் என்ஜி என்ற பேச்சு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு குரல் அமைப்பில் தமிழ். என்விடிஏவுடனே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம். இயந்திரத்தனமான குரல்தான், முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். ஆனால் பழைய கணினியிலும் விசை தட்டியவுடன் பேசும், வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் சொற்கள் குழையாது. இயல்பான குரல் வேண்டுமென்றால் விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும். தேர்வுக்குப் படிக்க நான் இஸ்பீக்கில்தான் ஓட்டினேன்.

இலவசம் என்பதால் தரம் குறைவு என்று உங்கள் சீனியர் சொன்னது எனக்கு ஏற்பில்லை. 2006இல் என்விடிஏவைத் தொடங்கிய மைக்கேல் கரனும் அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் கணினி பேச வேண்டும் என்றுதான் செய்தார்கள்.

மெதுநடை:
ஜாஸையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். என் அலுவலகத்தில் பயன்படுத்துகிறேன், சில மென்பொருள்களில் அது கைகொடுக்கும். ஆனால் இந்த மூன்று கோப்புகளுக்காக வாங்குவது வீண்தான், அதில் கருத்து வேறுபாடு இல்லை.

முதல் கோப்பு வெறும் படம், யாரோ புத்தகத்தை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். நீங்கள் அழுத்திய ஆர், விண்டோஸுக்குள் இருக்கும் ஓசிஆரை, அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கண்டறிந்து உரையாக்கும் வசதியை, கூப்பிடுகிறது. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, அதனால்தான் தமிழ் வளைவுகளை ஆங்கிலமாக நினைத்து உளறுகிறது. நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். அதன் ஓசிஆர் அமைப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தரவிறக்குங்கள். ஆங்கிலம் மட்டும் இருந்தால் பயனில்லை, தமிழ் மட்டும் இருந்தால் நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் சிதையும். பிறகு பிடிஎஃப்பை உள்ளே இழுத்து, மீண்டும் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் படத்துக்கு அடியில் எழுத்து வந்துவிடும். உள்ளே வேலை செய்வது டெசராக்ட் என்ற இலவச ஓசிஆர் மென்பொருள். இணையம் தேவையில்லை, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம்.

கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலும் தமிழை எழுத்தாக்கும். ஆனால் கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள், 64 பக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

எழுத்துருக் கிறுக்கன்:
இன்னொரு வகை இருக்கிறது, பின்னால் மாட்டும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். யூனிகோடுதான், ஆனால் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பு முன்னால் ஓடிவிடும். "கொடி" என்பது உள்ளே கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். என்விடிஏ பாதிச் சொல்லைச் சரியாகவும் பாதியை விநோதமாகவும் படித்தால் இதுதான். எந்த மாற்றியும் முழுதாகச் சரி செய்வதில்லை. பக்கங்களை முதலில் படங்களாகச் சேமித்து, அந்தப் படங்களை ஓசிஆருக்குக் கொடுப்பதே மேல்.

நடுங்கும்விரல்:
இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். எனக்கு மூளை முடக்குவாதம், இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வராது, ஒரு விசையைத் தொட்டால் நாலு எழுத்து விழுகிறது. இதற்கும் காசில்லாமல் வழி உண்டா?

ஒலிவழி:
உண்டு. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும், அப்புறம் கண்ட்ரோலை ஒருமுறை தட்டி விரலை எடுத்துவிட்டு, சியைத் தனியாக அழுத்தலாம். வலது ஷிஃப்ட்டை 8 விநாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ், நாலு எழுத்து விழுவது நிற்கும். நீண்ட கட்டுரைக்கு கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு, தமிழிலும் வேலை செய்யும். தனி இழை தொடங்குங்கள், சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

திண்ணைவாசி:
நாலு நாள் கழித்து வருகிறேன். மூன்றாவது கோப்பு அன்றைக்கே பேசிவிட்டது. ஸ்கேன் கோப்பும் படிக்கிறது, ஆனால் துணைக்காலும் "ர"வும் பல இடங்களில் இடம் மாறிவிட்டன. "அரசு" சில சமயம் "அாசு" ஆகிறது. பொருள் புரிகிறது, சமாளிக்கலாம். இடமும் வலமுமாக இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கங்களில் மட்டும் வரி கலந்துவிடுகிறது.

பாமினிதான் சிரிப்பு. மாற்றினேன், தமிழ் முழுக்கச் சரி. ஆனால் நடுவில் "வயஒ வசூல்" என்று ஒரு வரி! அரை மணி நேரம் அது ஏதோ பழைய வரிப்பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

எழுத்துருக் கிறுக்கன்:
அது வரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் "டாக்ஸ்", தம்பி. டி என்பது "வ", ஏ என்பது "ய", எக்ஸ் என்பது "ஒ". ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து மாற்றிவிட்டது. பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் எது ஆங்கிலம் எது தமிழ் என்று மாற்றிக்குத் தெரியாது. அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்த ஆசிரியரிடம் மூல வேர்டு கோப்பைக் கேளுங்கள். அதில் ஆங்கிலம் வேறு எழுத்துருவில் இருக்கும், தேடும் பெட்டியில் சொல் எதுவும் போடாமல் எழுத்துருவை மட்டும் கொடுத்தால் ஆங்கிலச் சொற்களில் ஒவ்வொன்றாகப் போய் நிற்கும். குறித்து வைத்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.

மெதுநடை:
இரண்டு பத்திப் பக்கங்களை நாப்ஸ்2இலேயே நடுவில் வெட்டி, இடது பாதி வலது பாதி எனத் தனிப் பக்கங்களாக்கிவிட்டு ஓசிஆர் ஓட்டுங்கள். வெட்டும் இடத்தைப் பார்க்க அறைத்தோழன் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

திண்ணைவாசி:
ஆசிரியரிடம் கேட்டேன். மூலக் கோப்பு கிடைத்தது, ஆங்கிலச் சொல் மொத்தம் 23தான். அடுத்த பருவத்துக்கு யூனிகோடிலேயே தட்டச்சு செய்து தருகிறேன் என்றார். தன் கோப்பு என் கணினியில் எப்படிப் பேசுகிறது என்று ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். வெட்டும் வேலைக்கு அறைத்தோழன் இன்று இரவு உட்காருகிறான்.