மீன் ஏல மென்பொருளுக்குப் பிரித்தானிய ஆக்கவுரிமை கிடைக்குமா?

திருமலைப் பெண்:
வணக்கம். திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகு வந்து சேருமுன்பே மீனை ஏலம் விடுவதற்குத் தம்பியும் நானும் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறோம். படகிலிருந்து மீனின் வகையும் நிறையும் வரும். மீனை மொத்தமாக வாங்கும் வாடிக்காரர்கள் தங்களுடைய உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைப்பதால், சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் ஒருவர் கேட்ட விலை பிந்திப்போவதில்லை. இலண்டனில் உள்ள மாமா அங்கே ஆக்கவுரிமைக்கு (patent) விண்ணப்பிக்கும் செலவைத் தாமே ஏற்பதாகச் சொல்கிறார். அவர் உழைத்த காசு வீணாகிவிடக் கூடாது. வியாபார முறை மென்பொருளுக்கு அந்நாட்டில் ஆக்கவுரிமை உண்டா?

சட்ட மாணவன்:
அக்கா, 1977 ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆக்கவுரிமைச் சட்டம் தன் முதலாம் பிரிவிலேயே வியாபாரம் செய்யும் முறையையும் கணினி நிரலையும், வெறும் அவற்றுக்காக மட்டுமே உரிமை கோரப்படும் அளவுக்கு, கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்கிவிடுகிறது. 2006 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வழக்குகளை ஒரே தீர்ப்பில் முடித்தது. கம்பனி பதிவுக்கான ஆவணங்களைக் கேள்வி பதில் மூலம் தானாகத் தயாரிக்கும் மக்ரொசன் என்பவரின் முறை நிராகரிக்கப்பட்டது. முற்பணத் தொலைபேசி அழைப்புக்காகப் புதிய இணைப்பகத்தையே அமைத்த ஏரோடெல் கம்பனியின் ஆக்கவுரிமை தப்பியது. கையால் செய்த வேலையைக் கணினி விரைவாகச் செய்வது மட்டும் போதாது.

இலண்டன்வாசி:
தங்கச்சி, உங்கள் விடயத்துக்கு மிக நெருங்கியது ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் மேன்முறையீட்டுச் சபை 2004 இல் தீர்த்த ஹிட்டாச்சி வழக்கு. அதுவும் இணையவழி ஏலம்தான். வலையமைப்பில் தகவல் தாமதமாவதால் எழும் சிக்கலை, விலைகளை முன்கூட்டியே வாங்கி வைப்பதன் மூலம் அவர்கள் தவிர்த்தார்கள். கணினி இருப்பதால் அது கண்டுபிடிப்பு என்ற வாசலைத் தாண்டிவிட்டது. ஆனால் தாமதத்தைத் தொழினுட்பத்தால் தீர்க்காமல் ஏல விதியை மாற்றித் தவிர்த்ததால், புத்தாக்கப் படி (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத தொழினுட்ப முன்னேற்றம்) இல்லையென்று சபை மறுத்துவிட்டது. மக்ரொசன் வழக்கில் சொன்ன காரணம் வேறானாலும் முடிவு ஒன்றே. ஆகவே உச்ச விலைப் பதிவை நம்பி மாமாவைச் செலவழிக்க விடாதீர்கள். நலிந்த சிக்னலில் தகவலை அனுப்பும் விதத்திலேயே புதிதாக ஏதாவது செய்திருக்கிறீர்களா என்பதுதான் நான் கேட்க விரும்புவது. இன்னொன்று: பிரித்தானிய ஆக்கவுரிமை பிரித்தானியாவுக்குள் மட்டுமே செல்லும், கொட்பேயில் ஒருவர் உங்கள் முறையைப் பின்பற்றினால் அதைக் காட்டித் தடுக்க முடியாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் வியாபார முறைகளுக்கு ஆக்கவுரிமை தருவதில்லை. நீங்கள் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் அது நிரலின் வரிகளைக் காக்குமே தவிர ஏல முறையைக் காக்காது.

திருமலைப் பெண்:
நன்றி அண்ணா. படித்ததும் மனம் சற்றுச் சோர்ந்துதான் போனது. ஆனாலும் தம்பி ஒன்றை நினைவூட்டினான்: அறுந்த செய்தியை முழுவதும் மறுபடி அனுப்பாமல், சேராத துண்டை மட்டும் கண்டறிந்து அனுப்பும் பகுதி அவன் தனியாக எழுதியது. ஏலத் திரையை நான்கு வாடிக்காரர்களுக்குக் காட்டிவிட்டோமே, அதனால் பாதகமா?

இலண்டன்வாசி:
இரகசியம் பேணும் உடன்பாடில்லாமல் காட்டியதால், திரையிலிருந்து அவர்கள் அறியக்கூடியது இனிப் புதியதல்ல. உள்ளே துண்டுகள் செல்லும் விதம் திரையில் தெரியாது. நிரலை எவருக்கும் கொடுக்காதவரை அது கெடவில்லை. துண்டு அனுப்பும் உத்திகள் முன்பே பல உள்ளன என்பதால், தம்பியுடையது எதில் வேறுபடுகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, முதலில் ஓர் ஆக்கவுரிமைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். விண்ணப்பம் பதியும்வரை அந்தப் பக்கத்தை இங்கே இட வேண்டாம்.