கலைச்சொல்: மார்க்கெட்ரிக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். எமீல் கல்லே செய்த கண்ணாடி வைத்த அலமாரி ஒன்றுக்குப் படக்குறிப்பு எழுதுகிறேன். பிரான்சின் நான்சி நகரத்துக்காரர், 1904இல் இறந்தவர். கீழ்ப்பலகையில் பூவும் தண்டும் பல நிற மரத்தில் ஓடுகின்றன. கையெழுத்தையும் மரத்துண்டாலேயே போட்டிருக்கிறார். இந்த மார்க்கெட்ரி வேலைக்கு ‘மர இழைப்பு’ சரியா, ‘மரப் பதிப்பு’ சரியா? அலமாரியைக் ‘காட்சிப் பேழை’ என்று எழுதியிருக்கிறேன்.

*

தம்பி, அலமாரியை முதலில் முடித்துவிடுவோம். கண்ணாடி அலமாரி என்றே எழுதுங்கள். பேழை என்றால் மூடிவைத்த பெட்டிதான் கண்ணில் வரும். உள்ளே இருப்பது வெளியே தெரியத்தானே இதையே செய்தார்கள்.

‘மணி இழைத்த பொன்’ என்பதெல்லாம் அழகுதான். ஆனால் மரத்தோடு சேர்ந்தால் இழைப்புளிதான் நினைவுக்கு வரும். ‘மர இழைப்பு’ என்று தச்சரிடம் சொன்னால் பலகையை வழவழப்பாக்கிக் கொடுத்துவிடுவார்.

‘பதிப்பு’ செய்முறையையே மாற்றிச் சொல்கிறது. மைசூர் ஈட்டி மர வேலையில் மரத்தைக் குடைந்து குழிக்குள் துண்டை இறக்குகிறார்கள், அது பதிப்பு. மார்க்கெட்ரியில் அப்படிக் குடைவது கிடையாது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் மரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏடாக அறுத்தார்கள். மெல்லிய ரம்பத்தால் அதை வடிவம் வடிவமாக வெட்டி, பூ, இலை, பின்னணி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் படமாக்கி, அப்படியே அலமாரியின் உடல்மேல் வஜ்ஜிரம் வைத்து ஒட்டிவிடுவார்கள். இதழுக்கு நிழல் வேண்டுமா, துண்டின் ஓரத்தைக் கொதிக்கும் மணலில் செருகி எடுப்பார்கள். ஓரம் கருகி, உள்ளே போகப் போகப் பழுப்பு வெளிறும். தூரிகையே தொடாத நிழல்!

எனவே வீனியருக்கு, அதாவது இப்படி மெல்லிசாக அறுத்த மரத்துக்கு, ‘மரவேடு’. பால்மேல் படிவது, பூவிதழ், ஓலை எல்லாமே நமக்கு ஏடுதான். மார்க்கெட்ரி ‘மரவேட்டுச் சித்திரம்’. கட்டமும் சாய்சதுரமுமாக வரும் பார்க்கெட்ரி ‘மரவேட்டுக் கோலம்’. பின்னதில் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம்.

*

ஐயா, கோலம் பிரமாதம். ஆனால் ஆந்த்ரே-ஷார்ல் பூலை என்ன செய்வது? பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்கு மரச்சாமான் செய்தவர், 1732இல் இறந்தவர். ஆமை ஓட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சேர்த்தே அறுப்பது அவர் பெயரால் வழங்கும் முறை. ஒரே அறுப்பில் இரண்டு படம்: ஆமை ஓட்டில் பித்தளைக் கொடி, பித்தளையில் ஆமை ஓட்டுக் கொடி. இதுவும் மார்க்கெட்ரிதான், படத்தில் மரமே இல்லை. ‘மர’த்தை எடுத்துவிட்டால் ‘ஏட்டுச் சித்திரம்’ ஓலைச்சுவடிப் படமாகிவிடும். ‘ஒட்டுச் சித்திரம்’ என்றால் காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் கொலாஜ் என்று நினைப்பார்கள்.

*

நல்ல கேள்வி. பூலுக்குத் ‘தகட்டுச் சித்திரம்’ போடுவோம். ஆமை ஓடு, பித்தளை இரண்டுமே தகடுதானே. எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களும் அதைப் பூல் பெயரைச் சேர்த்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள்.

தம்பி, உங்கள் குறிப்பு இப்படி இருக்கட்டும்: ‘மரவேட்டுச் சித்திரக் கண்ணாடி அலமாரி, எமீல் கல்லே, நான்சி’. சொல் முதல்முறை வரும் இடத்தில் மார்க்கெட்ரி என்றும் சேர்த்துவிடுங்கள். தேடுகிறவர்கள் இப்போதைக்கு அதைத்தான் தட்டுவார்கள்.