சவாசனத்தில் படுத்தால் கொசுவுக்கு விருந்து

எங்கள் குழு காலை ஐந்தரைக்குக் கூடும். மதுரையின் வடக்குப் பக்கம், வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சின்னப் பூங்கா. இருபது பேர் வருவோம். கை கால் அசைவு, சூரிய நமஸ்காரம், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, கடைசியில் சிரிப்பு. ஐப்பசி பிறந்து மழை விழத் தொடங்கினால் இதில் எதுவும் ஒழுங்காக நடக்காது. சவாசனத்தில் படுத்தவர் அசையக்கூடாது. கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? போன வருஷம் சிரிப்புப் பயிற்சிக்கு வாயைப் பெரிதாகத் திறந்த ஒரு சாரின் தொண்டைக்குள் ஒன்று போய்விட்டது. அவர் இருமியதையும் பயிற்சி என்று நினைத்து நாங்களும் கூடவே இருமினோம்.

செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசினோம். வேர்த்ததும் வழிந்து கண்ணில் இறங்கியது. நொச்சித் தழையைச் சட்டியில் போட்டுப் புகைத்தோம். கொசு கொஞ்சம் விலகியது உண்மை, ஆனால் பிராணாயாமத்துக்கு உட்கார்ந்தவர்கள் அந்தப் புகையைத்தான் இழுத்து விட்டார்கள். ஒரு அக்கா கொசு பேட்டோடு வந்தார். சூரிய நமஸ்காரத்துக்கு இரண்டு கையும் வேண்டுமே! புகை மருந்தும் ஒருமுறை அடித்தார்கள், இரண்டு நாள் நிம்மதி. அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் கிடக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர்தான் முதலில் கவனித்தார். "இதுல ரெண்டு ஷிப்ட் இருக்குப்பா" என்றார். இருட்டில் காதோரம் பாடிக்கொண்டு வருவது பழுப்பு நிறச் சாக்கடைக் கொசு. விடிந்து ஆள் முகம் தெரியும் நேரத்தில் அது கலைய, சத்தமே தெரியாமல் கணுக்காலில் கடிக்கும் இன்னொன்று வரும். காலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. டெங்கு பரப்பும் ஏடிஸ் அதுதான். நாங்களோ பூங்காவுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தோம்.

கார்த்திகையில் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். தட்டணுக்கள் குறைந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு கொசுப்புழு பார்க்கும் பணியாளர் ஒருவர் வந்தார். சாக்கடைப் பக்கமே போகவில்லை அவர். மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

மரத்தில் என்ன இருந்தது? சித்திரை வெயிலில் குருவிக்கும் மைனாவுக்கும் தண்ணீர் வைக்க நாங்களே காசு போட்டு வாங்கித் தொங்கவிட்ட 14 மண்சட்டிகள். கோடை முடிந்ததும் அவற்றை மறந்துவிட்டோம், மழை நிரப்பியிருந்தது. ஒன்றை இறக்கிக் காட்டினார். தெளிந்த தண்ணீர், அதில் நெளிநெளியாகப் புழுக்கள். ஏடிஸுக்குச் சாக்கடை பிடிக்காதாம், நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். அதிகத் தூரமும் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் காலம் முடிந்துவிடும். "புண்ணியத்துக்கு வச்சது சார்" என்றார் ஒரு அம்மா. "வைங்கம்மா, ஆனா தேய்ச்சுக் கழுவி வைங்க" என்றார் அவர். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

உங்கள் பக்கம் எப்படி? எழுதுங்கள்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் ஒருவர்:

நாங்கள் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறவர்கள். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, கொசு மொய்க்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காற்றும் அலையும் மீனும் உள்ள நீரில் ஏடிஸ் முட்டையிடப் போவதில்லை. எங்களைக் கடித்தது படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்த இடத்தில்தான். குடித்துவிட்டு நாங்களே வீசிய கப்புகள், பக்கத்தில் இளநீர்க் கூடுகள், எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர். இப்போது வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோகிறோம். கடைக்காரருக்கும் கப் செலவு மிச்சம், ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுகிறார்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா:

எங்களுக்குப் பூங்கா ஏது, சாயங்காலம் வாய்க்கால் கரைதான். பெரியாறு பாசனத் தண்ணீர் வந்து நடவு முடிந்ததும் வயல் கொசு கிளம்பும். அது மனிதரைவிட மாட்டைத்தான் அதிகம் தேடும், அதனால் தொழுவத்தைத் தாண்டும் வரைதான் பயம். ஆனால் மூளைக்காய்ச்சல் பரப்புவதும் அந்த இனம்தான் என்பதால் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வோம். வேறு வழியில்லை.

சின்ன சொக்கிகுளத்துக்காரர் ஒருவர்:

எங்கள் தெருப்பக்கம் கொசு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் 1985 முதல் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் நடக்கப் போகிறேன், கடியும் வாங்குகிறேன்! ஒரு சந்தேகம்: உங்கள் குழு அடர் நீலத்தில் டிராக் பேண்ட் போடுகிறதா? கொசுவுக்கு அடர் நிறம் எளிதில் கண்ணில் படும். மூச்சு வாங்கினால் கரியமில வாயுவைப் பிடித்தும் வரும். மூச்சை நிறுத்த முடியாது, பேண்டை மாற்றலாம்.

மறுபடியும் நான்:

அடர் நீலம்தான். மொத்தமாக எடுத்தால் விலை குறைவு என்று எல்லோருக்கும் ஒரே நிறம். இந்தப் பொங்கலுக்கு வெளிர் சாம்பல் எடுக்கலாம் என்று பேச்சு, அழுக்குத் தெரியும் என்று இரண்டு பேர் முரண்டு பிடிக்கிறார்கள். சட்டிகளை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுவிட்டோம், சனிக்கிழமை தேய்க்கும் நாள். விடிந்தபின் கடிப்பது நன்றாகவே குறைந்திருக்கிறது. இருட்டு ஷிப்ட் மட்டும் அப்படியே இருக்கிறது, சாக்கடைக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். அதுவரை சவாசனத்தை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் செய்துகொள்ளச் சொல்லிவிட்டோம். செய்கிறார்களா, தூங்கிவிடுகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.