பிராட்ஃபோர்டு: ஓனர் காலி பண்ணச் சொல்கிறார், புகார் கொடுத்தால் விசாவுக்கு ஆபத்தா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பரில்தான் வந்தேன், பீஸ் அண்ட் கான்ஃப்ளிக்ட் (அமைதி, மோதல் பற்றிய படிப்பு) மாஸ்டர்ஸ். நேற்று ராத்திரி ஹவுஸ் ஓனர் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தாளிக்கிற வாசனை பிடிக்கவில்லையாம். டெபாசிட் 450 பவுண்டும் தரமாட்டாராம். புகார் கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

லீட்ஸ்வாசி:
தம்பி, ரூமை விடுங்கள். இந்தப் படிப்புக்கு வேலை எங்கே என்று யோசித்தீர்களா? பேர் பெற்ற துறைதான், மறுக்கவில்லை. க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முயற்சியில் 1973-ல் ஆடம் கர்லை முதல் பேராசிரியராக வைத்துத் தொடங்கியது. ஆனால் படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான். அதற்குள் ஸ்பான்சர் பண்ணும் என்.ஜி.ஓ. கிடைக்க வேண்டும். ஹெச்.ஆர். (மனிதவள) வேலைப் பக்கம் இப்போதே திரும்புங்கள்.

மாங்காய்த்தொக்கு:
நான் வந்த வருஷம் ஹீட்டர் ஓடாத ரூமில் ஜாக்கெட்டோடு படுத்தேன். மீட்டரில் காசு தீர்ந்தால் பச்சைத் தண்ணீர்க் குளியல். ஓனரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த இடத்தில் வம்பு வேண்டாம் தம்பி. 450 போனால் போகட்டும், வேறு ரூம் பாருங்கள்.

கறார்பேர்வழி:
எதுக்குப் போகட்டும்? டெபாசிட்டை 30 நாளுக்குள் டி.பி.எஸ்., மைடெபாசிட்ஸ், டி.டி.எஸ். என்ற அரசு அங்கீகரித்த மூன்று டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் ஓனர் போட்டாக வேண்டும். போடாவிட்டால் கோர்ட்டில் மூன்று மடங்கு வரை வாங்கலாம்.

மாங்காய்த்தொக்கு:
வாங்கும் வரை தம்பி எங்கே படுப்பார், உங்கள் வீட்டிலா?

லீட்ஸ்வாசி:
நம்மவர்கள் ஓனரானால் இதில் இன்னும் மோசம். ரசீது கேட்டால் ‘என்ன தம்பி, நமக்குள்ளே’ என்பார்கள்.

ஒற்றைக்குடை:
பொங்கல் விழாவில் அதே ஆளுக்குத்தான் பொன்னாடை.

கறார்பேர்வழி:
மோதலைத் தீர்க்கப் படிக்க வந்தவருக்கே மோதல். ப்ராக்டிகல் மார்க் உண்டா?

வைகைக்கரை:
கிண்டல் வேண்டாம் அண்ணா. ஓனர் மாடியில் குடும்பத்தோடு இருக்கிறார், கிச்சன் பொது. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பணம் பேங்க் வழியாகத்தான் போட்டேன்.

யார்க்‌ஷயர்அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! ஓனர் அதே வீட்டில் இருந்து கிச்சனும் பொது என்றால் நீங்கள் லாட்ஜர். கறார் சொன்ன 30 நாள், மூன்று மடங்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. நியாயமான நோட்டீஸ் தந்தால் போகத்தான் வேண்டும். மாத வாடகை என்றால் வழக்கமாக ஒரு மாதம்.

டெபாசிட் வேறு கதை. சேதமோ பாக்கியோ இல்லாமல், வாசனைக்காக மொத்தத்தையும் வைத்துக்கொள்வது கோர்ட்டில் நிற்பது கஷ்டம். இன்றே ரூமை வீடியோ எடுங்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸப் எல்லாம் சேமியுங்கள். காலி பண்ணி 14 நாளில் பணம் வராவிட்டால் கோர்ட்டில் கிளெய்ம் போடுவேன் என்று மெயில் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் ஆன்லைனில் போடலாம். ஃபீஸ் உண்டு, ஜெயித்தால் அதையும் அவரிடம் கேட்கலாம்.

அவர் எதிர்த்து வாதாடினால், அப்புறம்தான் உங்கள் பாடம் வருகிறது. 2024 மே முதல் 10,000 பவுண்டு வரையான பண வழக்குகளில் ஒரு மணி நேர ஃபோன் மீடியேஷன் (சமரசப் பேச்சு) கட்டாயம், இலவசம். மீடியேட்டர் இருவரையும் தனித்தனியாக அழைப்பார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். எவ்வளவுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்பதை முன்னாலேயே முடிவு பண்ணி வையுங்கள். அங்கே போய் யோசித்தால் 200-க்குத் தலையாட்டிவிடுவீர்கள்.

பணம் கேட்டு வழக்குப் போடுவது விசாவைத் தொடாது. முகவரி மாறியதைப் பல்கலைக்கும் விசா அலுவலகமான யூ.கே.வி.ஐ.-யின் ஆன்லைன் கணக்கிலும் சொல்லிவிடுங்கள். வாடகைக்காக வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டி ஷிஃப்ட் எடுத்துவிடாதீர்கள், அதுதான் உண்மையான ஆபத்து. திங்கள் காலை ஸ்டூடண்ட்ஸ் யூனியனில் போய்த் தற்காலிகத் தங்குமிடம் பற்றிக் கேளுங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா. அவர் வாயால்தான் சொன்னார், அது செல்லுமா?

யார்க்‌ஷயர்அக்கா:
லாட்ஜருக்கு வாயால் சொன்னாலும் செல்லும். அதனால் தேதியை நீங்களே எழுத்தில் கொண்டுவாருங்கள்: ‘நேற்று இரவு சொன்னீர்கள், அன்றிலிருந்து ஒரு மாதம் தேவை’ என்று இன்றைக்கே மெசேஜ் போடுங்கள்.