வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஏற்ற பல்லாண்டு நாட்டுப் பூச்செடிகள் எவை?

கேள்வி:
வெயில் நன்றாக விழும் ஒரு சிறு நிலத்தில், ஒருமுறை ஊன்றினால் ஆண்டுதோறும் தாமாகத் தழைக்கும் நாட்டுச் செடிகளை மட்டும் வளர்க்க விரும்புகிறேன். இப்போது அங்குள்ள உண்ணிச்செடிக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகள் தேனைக் குடித்துவிட்டுப் பறந்துவிடுகின்றன. ஒன்றும் முட்டையிடுவதாகத் தெரியவில்லை. எவற்றை நடலாம்?

மறுமொழி 1:
தேன் தரும் செடி வேறு, புழுவுக்கு இலை தரும் செடி வேறு. உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட களை, அதை நீக்கிவிடுங்கள். தாய்ப்பூச்சி தன் புழு தின்னக்கூடிய இலையைத் தேடியே முட்டையிடும் என்பதால், வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கும், ரோஜா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு ஆடுதீண்டாப்பாளையும் வையுங்கள். எருக்கிலையின் அடியில் ஒற்றை ஒற்றையாக முட்டைகள் இருக்கும். வளர்ந்த புழு முதலில் நடுநரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அதன் பிறகே இலையைத் தின்னத் தொடங்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, ஆடுதீண்டாப்பாளையோ உட்கொண்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீடென்றால் இரண்டையும் ஒதுக்குப்புறமாக நடுவது நல்லது.

மறுமொழி 2:
தேனுக்குச் செம்முள்ளியைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றாகப் பரப்பி நடாமல், ஒரே இனத்தைக் கொத்தாக நட்டால் பூச்சிகள் எளிதில் கண்டுகொள்ளும். எருவை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும், பூ குறையும். விதையிலிருந்து வளரும் பல்லாண்டுச் செடிகளில் பல, முதல் ஆண்டில் வேரையே வளர்த்துக்கொள்ளும் என்பதால், பூக்கவில்லை என்று பிடுங்கிவிடாதீர்கள். எல்லாம் பல்லாண்டுச் செடியாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம்: பெரும்பாலும் குறுகிய ஆயுளுள்ள கிலுகிலுப்பைச் செடியையும் வைக்கலாம். அதன் காய்ந்த தண்டிலும் காயிலும் நீல வரியன் ஆண்பூச்சிகள் மொய்ப்பது, இணையைக் கவரும் மணத்துக்கு வேண்டிய வேதிப்பொருளை உறிஞ்சத்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. புழுக்கள் பெருகினால் வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

மறுமொழி 1:
கூடாது. இயற்கையானது என்றாலும், வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். நீங்கள் வளர்க்க நினைப்பதே அந்தப் புழுவைத்தானே? இலைகள் மொட்டையானாலும் எருக்கு மீண்டும் துளிர்த்துவிடும். நாற்று வாங்கும்போது, ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி இடப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள், ஏனெனில் அது இலையிலும் தேனிலும் நெடுநாள் தங்கியிருக்கும்.